டென்ட்டுக்குப் பூட்டு கிடையாது!

ஆபீஸில் பேனாக்களை உயர வரிசைப்படி அடுக்கி வைக்கிற ஆசாமியைக் காட்டி, "அவனுக்கு ஓ.சி.டி. சார்!" என்பது இப்போது ஃபேஷன். டேபிளைத் துடைத்தால் ஓ.சி.டி. ஃபைலுக்கு அட்டை போட்டால் ஓ.சி.டி. அந்த ஆசாமி சந்தோஷமாக அடுக்குகிறார், அடுக்கிவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறார். நிஜமாகவே ஓ.சி.டி. இருப்பவரால் டீ குடிக்கப் போக முடியாது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்செஸிவ் கம்பல்ஸிவ் டிஸார்டர். தமிழில் 'எண்ணச் சுழற்சி நோய்' என்கிறார்கள். கூப்பிடாமலே வந்து உட்காருகிறது ஓர் எண்ணம்: 'கேஸை மூடினேனா?' எழுந்து போய்ப் பார்க்கிறார். மூடித்தான் இருக்கிறது. அப்பாடா! அந்த அப்பாடாவுக்கு ஆயுசு இரண்டு நிமிஷம். 'பார்த்தேன் சரி... ஒழுங்காகப் பார்த்தேனா?' மறுபடி எழுந்திருக்கிறார். பி.காம். படித்தவன் பாஷையில் சொன்னால், இது மீட்டர் வட்டி. கட்டக் கட்ட அசல் ஏறும்.

கை கழுவுகிறவர்கள் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். பெண்டாட்டியைக் குத்திவிடுவோமோ என்று பயந்து காய்கறி நறுக்கும் கத்தியை ஒளித்து வைக்கிற பரம சாதுக்கள் உண்டு. (குத்துகிறவன் இப்படிப் பயப்பட்டுக்கொண்டு இருக்க மாட்டான்.) சாமி கும்பிடும்போது மனசில் கெட்ட வார்த்தை வந்துவிட்டதே என்று முதலிலிருந்து நூற்றெட்டு தடவை ஆரம்பிப்பவர்கள் உண்டு. வெளியே சொல்ல வெட்கம். அதனால் பக்கத்து சீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது. அமெரிக்கக் கணக்கெடுப்புகளின்படி நூறு பேரில் இரண்டு பேருக்காவது வாழ்க்கையில் ஏதோ ஒரு கட்டத்தில் இது வருகிறது. உங்கள் ஆபீஸில் எத்தனை பேர் சார்?

இப்படிப்பட்டவர்களைத் திரட்டிக்கொண்டு டென்ட் போடக் கிளம்பினார் ஓர் அமெரிக்க சைக்காலஜிஸ்ட். பெயர் ஜொனாதன் கிரேஸன். 1981-ல் பிலடெல்பியாவில் ஓ.சி.டி.க்காரர்களுக்கென்றே ஒரு குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர்.

முகாம் என்றதும் குயில், அருவி, மூச்சுப்பயிற்சி, மூலிகை டீ என்று கற்பனை பண்ணிக்கொள்ளாதீர்கள். காற்று வாங்கப் போகிற சமாசாரம் இல்லை இது. நம் ஊரில் இயற்கை என்றால் குற்றாலம். குளிப்பதற்கென்றே போகிற காடு! இந்த வைத்தியத்துக்கு அது உதவாது.

வீட்டில் ஓ.சி.டி.க்காரர் ஒரு ராஜாங்கம் நடத்துகிறார். எந்தக் குழாய், எந்த சோப்பு, எந்தத் துண்டு, எந்தக் கதவை எத்தனை தடவை இழுத்துப் பார்ப்பது என்று எல்லாவற்றுக்கும் சட்டம் உண்டு. மொத்தக் குடும்பமும் அதற்குக் குடிமக்கள். காட்டில் அந்தச் சட்டம் செல்லாது. டென்ட்டுக்குப் பூட்டு கிடையாது, ஜிப்தான். குழாய் கைக்கெட்டும் தூரத்தில் இல்லை. மண்ணில் உட்கார்ந்த கையோடு பிரெட்டைப் பிய்த்துச் சாப்பிட வேண்டும். கழிப்பறையைப் பற்றி நான் எழுதவில்லை, நீங்கள் டிபன் சாப்பிட்டுக்கொண்டு இருக்கலாம்.

சாதாரணமாக டூர் போகிறவர்கள் எல்லாரும் செய்கிற காரியங்கள்தான் இவை. விபரீதம் எதுவும் இல்லை. ஆனால் ஒரு நாளைக்கு அறுபது தடவை கை கழுவுகிறவருக்கு அந்த பிரெட் துண்டு எவரெஸ்ட்.

எனக்கு ரொம்பப் பிடித்தது நெருப்பு அணைக்கிற விஷயம். கேம்ப் ஃபயரை எப்படி அணைப்பது என்று அமெரிக்க வன இலாகா விதியே வைத்திருக்கிறது. தண்ணீர் ஊற்று, கிளறு, மறுபடி ஊற்று, சூடு இருக்கிறதா என்று கை வைத்துப் பார். அதாவது, செக் பண்ணச் சொல்வது சர்க்காரே! கேஸ் அடுப்புக்காரருக்கு இது அல்வா மாதிரி. ஆனால் முகாமில் 'ஒரு தடவை' என்பதுதான் சூட்சுமம். ஒரே தடவை பார்த்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்ப் படுக்க வேண்டும். 'செல்போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்கிறேனே, ப்ளீஸ்' என்றால் அதுவும் கிடையாது. அப்புறம் ராத்திரி முழுக்கப் போட்டோவைப் பெரிசாக்கிப் பார்த்துக்கொண்டு இருப்பார்.

சந்தேகம் கேட்கலாம். பதில்தான் வேறு மாதிரி வரும்.

"டாக்டர், நெருப்பு அணைஞ்சிருக்குமா?"

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்."

கொடுமையாகத் தெரிகிறதா? ஆனால் வைத்தியமே அதுதான். சந்தேகத்தைத் தீர்த்து வைப்பது அல்ல, சந்தேகத்தோடு தூங்கப் பழக்குவது. பதறுகிற நெஞ்சு, நாம் ஒன்றும் செய்யாமல் இருந்தாலும் கொஞ்ச நேரத்தில் தானாக அடங்கும் என்பதை உடம்பு கற்றுக்கொள்ள வேண்டும். புத்தகம் படித்தால் வராது, பட்டால்தான் வரும்.

இந்த யோசனைக்குத் தாத்தா 1966-ல் லண்டனில் இருந்தார். மிடில்செக்ஸ் ஆஸ்பத்திரியில் விக்டர் மேயர் என்பவர், வேறு எந்த வைத்தியத்துக்கும் மசியாத இரண்டு நோயாளிகளை எடுத்துக்கொண்டார். ஓயாமல் சுத்தம் செய்துகொண்டிருந்த ஒரு பெண்மணியின் அறையில் குழாயையே மூடி வைத்தார்கள். காரியத்தைச் செய்யவிடாமல் நர்ஸுகள் பகல் முழுக்கக் கூடவே இருந்தார்கள். இரண்டு பேருக்கும் நன்றாகவே குணம் தெரிந்தது. இன்றைக்கு அப்படிக் கட்டாயப்படுத்துவது இல்லை. எதைத் தொடுவது, எப்போது தொடுவது என்பதை நோயாளி சம்மதித்து, படிப்படியாகத்தான் ஏறுகிறார்.

காடுதான் வேண்டும் என்பதும் இல்லை. கிரேஸனே பிற்பாடு அமெரிக்க ஓ.சி.டி. மாநாடுகளில், காடு இல்லாமலே 'கேம்ப்பிங்' நடத்தினார். ஹோட்டலை விட்டுத் தெருவில் இறங்கி, கும்பலாகக் குப்பைத் தொட்டியைத் தொட்டுவிட்டு வருவது! நார்வேயில் பெர்கன் நகரத்தில் யேர்ட் க்வாலே, பியார்னே ஹான்சன் என்று இருவர் இதையே நான்கு நாளில் முடிகிற சிகிச்சையாக வடிவமைத்தார்கள். சின்னக் குழு, ஆளுக்கொரு தெரபிஸ்ட். 2018-ல் 'டைம்' பத்திரிகை, மருத்துவத் துறையின் செல்வாக்கான ஐம்பது பேர் பட்டியலில் இவர்களைச் சேர்த்தது.

ஆகவே, மரம் செடி கொடி மனசை ஆற்றும் என்று யாராவது ரிசார்ட் பில்லை நீட்டினால், 'எக்ஸ்போஷர் தெரபி தெரிந்தவர் கூட வருகிறாரா?' என்று கேளுங்கள். முழித்தால் வந்துவிடுங்கள். மூன்று நாள் முகாமில் பழகியதை வீட்டிலும் தொடரவில்லையென்றால் பழைய ராஜாங்கம் திரும்பிவிடும். பலருக்கு மாத்திரையும் தேவைப்படுகிறது. அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

நம் வீடுகளில் உள்ள சிக்கல் அன்பு.

"அம்மா, கேஸ் மூடிட்டியா?"

"மூடிட்டேன்டா கண்ணா."

"நிஜமா?"

"உன்மேல சத்தியமா!"

இப்படி ஒரு நாளைக்கு நூறு சத்தியம். பிள்ளை தவிக்கிறானே என்று அம்மா சொல்கிறாள். ஒவ்வொரு சத்தியமும் அந்த மீட்டர் வட்டிக்குக் கட்டுகிற தவணை. அதற்காக இன்று ராத்திரியே, 'இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்' என்று பையனிடம் ஆரம்பித்துவிடாதீர்கள் அம்மா. அவனும் நீங்களும் டாக்டர் முன்னால் உட்கார்ந்து பேசி வைத்துக்கொண்ட பிறகுதான் அது வைத்தியம். அதுவரை வெறும் இரக்கமின்மை.

பெங்களூர் நிம்ஹான்ஸில் ஓ.சி.டி.க்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. சென்னையில் ராத்திரி ரயில் ஏறினால் விடியற்காலையில் போய்ச் சேரலாம். கிளம்பும்போது வீட்டைப் பூட்டினோமா என்று ஒரு தடவை இழுத்துப் பாருங்கள்.

ஒரு தடவைதான்.