வடிகட்டிவிட்டு எண்ணிய தலைகள்

முப்பது வயதைத் தாண்டிய ஒருவர், பார்த்துக்கொண்டிருக்கும் வங்கி வேலையையோ மென்பொருள் வேலையையோ உதறிவிட்டு டாக்டராகப் போகிறேன் என்று அமெரிக்காவில் வாய்திறந்தால் போதும், சுற்றியிருப்பவர்கள் ஒரே மந்திரத்தைத்தான் ஓதுவார்கள்: "நல்ல பேருள்ள போஸ்ட்பேக்ல சேர்ந்துடு, மெடிக்கல் ஸீட் தானா வரும்." கையோடு ஆதாரமும் காட்டுவார்கள். எங்களிடம் படித்து விண்ணப்பித்தவர்களில் 95 சதவீதத்துக்கு மேல் மருத்துவப் பள்ளியில் சேர்ந்துவிட்டார்கள் என்று கல்லூரியே போட்டிருக்கிறதே! நாடு முழுக்க விண்ணப்பிப்பவர்களில் பாதிப் பேருக்குக்கூட இடம் கிடைக்காத ஊரில் அந்த எண்ணைப் பார்த்து யாருக்குத்தான் சபலம் வராது?

எண்ணில் பொய் இல்லை. எதை எதால் வகுத்தார்கள் என்பதில்தான் சூட்சுமம்.

அங்கே மருத்துவம் என்பது ஒரு பட்டம் வாங்கிய பிறகு படிப்பது. பட்டம் எதுவாகவும் இருக்கலாம். ஆனால் உயிரியல், பொது வேதியியல், கரிம வேதியியல், இயற்பியல் ஆகியவற்றை ஆய்வகத்தோடு ஓராண்டு வீதம் முடித்திருக்க வேண்டும் என்று பெரும்பாலான பள்ளிகள் எதிர்பார்க்கின்றன. எம்கேட் என்னும் மருத்துவ நுழைவுத் தேர்வும் எழுத வேண்டும். வரலாறோ வணிகமோ படித்தவர்கள் விட்டுப்போன பாடங்களைச் சேர்த்துக்கொள்ளும் ஏற்பாடுதான் போஸ்ட்பேக் ப்ரீமெட். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1955 முதல் நடக்கிறது. பென்சில்வேனியாவில் இருக்கும் பிரின் மார் கல்லூரியில் 1972 முதல்.

பிரின் மார் போன்ற இடங்கள் யாரைச் சேர்க்கின்றன? முதல் பட்டத்தில் பிரமாதமான மதிப்பெண் வாங்கியவர்களை. ஏற்கெனவே மருத்துவப் பள்ளிக்கு விண்ணப்பித்துப் பார்த்தவர்களுக்கு அங்கே இடமில்லை. அதாவது எங்கே படித்தாலும் தேறக்கூடியவர்களாகப் பொறுக்கியெடுத்த பிறகுதான் வகுப்பே தொடங்குகிறது. இரண்டாவது வடிகட்டல் உள்ளே. கோடையிலேயே ஓராண்டுப் பொது வேதியியலைச் சில வாரங்களில் புகட்டிவிடுகிறார்கள். இலையுதிர்காலத்தில் கரிம வேதியியல். முதல் இடைத்தேர்வில் சி வாங்கியவருக்கு அடுத்த வாரமே யோசனை வந்துவிடும், இது நமக்குச் சரிப்படுமா என்று. விலகிவிடுகிறார். அவர் விண்ணப்பிக்கவே இல்லை. ஆகவே கணக்கிலும் இல்லை. கல்லூரிக் குழுவின் பரிந்துரைக் கடிதத்துக்குக் குறைந்தபட்ச மதிப்பெண் வைத்திருக்கும் இடங்களில், அதை எட்டாதவருக்கும் இதே கதிதான். நம்மூரில் பலவீனமான பிள்ளைகளை ஒன்பதாம் வகுப்பிலேயே டிசி கொடுத்து அனுப்பிவிட்டு, பத்தாம் வகுப்பு முடிவு வந்ததும் வாசலில் "100% தேர்ச்சி" என்று பேனர் கட்டும் பள்ளிகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்தச் சதவீதத்துக்குத்தான் விலை. கொலம்பியாவில் ஒரு கிரெடிட்டுக்கே இரண்டாயிரம் டாலருக்கு மேல் ஆகிறது. ஏறக்குறைய அதே தொகைக்கு ஹார்வர்ட் எக்ஸ்டென்ஷனில் நான்கு கிரெடிட் கொண்ட ஒரு முழுப் பாடத்தையே மாலை வகுப்பில் படித்துவிடலாம். வேலையையும் விட வேண்டாம். அதே மன்ஹாட்டனில் இருக்கும் ஹன்டர் கல்லூரியில், நியூயார்க் மாநிலவாசிக்குக் கொலம்பியா கட்டணத்தில் கால்பங்குகூட ஆகாது. மருத்துவப் பள்ளிகளுக்கான பொது விண்ணப்பச் சேவையான ஆம்காஸ், ஜிபிஏ கணக்கிடும்போது எந்தக் கல்லூரியின் ஏ கிரேடுக்கும் ஒரே 4.0தான் போடுகிறது. பள்ளியின் பெயரைப் பார்க்கும் சேர்க்கைக் குழுவினரும் இருக்கிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. சமுதாயக் கல்லூரியில் எல்லாப் பாடத்தையும் முடித்துவிட்டு வருபவரைச் சிலர் சந்தேகத்தோடு பார்ப்பதும் உண்டு. ஆனால் அந்தச் சந்தேகத்தைப் போக்க மாநிலப் பல்கலைக்கழகத்தில் வாங்கிய நல்ல மதிப்பெண்ணும் உருப்படியான எம்கேட் மதிப்பெண்ணும் போதும்.

கடன் வாங்கிப் படித்துக்கொள்ளலாம் என்பவர்கள் இதையும் கவனிக்க வேண்டும். 2025இல் நிறைவேறிய சட்டப்படி, 2026 ஜூலை முதல் புதிதாக மருத்துவப் பள்ளியில் சேர்பவருக்கு மத்திய அரசுக் கடன் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர் என்று வரம்பு கட்டிவிட்டார்கள். பல தனியார் பள்ளிகளில் நான்காண்டுச் செலவு இதைத் தாண்டிவிடும். கையிலிருக்கும் சேமிப்பை வாசற்படியிலேயே கொட்டிவிட்டு உள்ளே போய் என்ன செய்வது?

"லிங்கேஜ் இருக்கிறதே?" என்பார்கள். இருக்கிறது. வழக்கமாகப் படிப்பு முடிந்து, விண்ணப்பித்து, நேர்காணலுக்கு அலைந்து, ஒரு வருஷம் காத்திருந்துதான் சேர முடியும். அந்தக் காத்திருப்பு ஆண்டைக் கிளைட் இயர் என்பார்கள். போஸ்ட்பேக் கல்லூரி சில மருத்துவப் பள்ளிகளோடு செய்துகொள்ளும் லிங்கேஜ் ஒப்பந்தம் அந்த ஆண்டை மிச்சப்படுத்துகிறது. முப்பத்தைந்து வயதுக்காரருக்கு ஓராண்டு சம்பளம் அற்பமல்ல. இந்த ஒரு வாதத்தை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நிபந்தனையைப் படியுங்கள். பொதுவாக ஒரே பள்ளிக்குத்தான் வாக்குக் கொடுக்க வேண்டும். இடம் கொடுத்தால் மறுக்கக் கூடாது. வேறு பள்ளி தரக்கூடிய உதவித்தொகையை ஒப்பிட்டுப் பேரம் பேசும் வாய்ப்பு அத்தோடு போயிற்று. சொன்ன மதிப்பெண் வராவிட்டால் காத்திருக்கும் ஆண்டு எப்படியும் உண்டு.

கல்லூரியின் பெயரைவிடக் கனமான ஒன்றை யாரும் பேசுவதில்லை: நீங்கள் எந்த மாநிலவாசி என்பது. டெக்சாஸ் அரசு மருத்துவப் பள்ளிகளில் வெளிமாநிலத்தவருக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் இடம் தரக் கூடாது என்பது விதி. ஹூஸ்டனிலோ டல்லாஸிலோ வீடும் வேலையுமாக இருப்பவருக்கு இந்த ஒரு தகுதி, எந்தப் போஸ்ட்பேக் சான்றிதழையும்விடப் பெரிய சொத்து. அவரைப் போய்ப் பெயருக்காகப் பென்சில்வேனியாவுக்கு மூட்டை கட்டச் சொல்கிறார்கள்.

இந்தியாவில் பி.இ. முடித்துவிட்டு அங்கே போன நம்மவர்களுக்குச் சிக்கல் வேறு மாதிரி. பெரும்பாலான மருத்துவப் பள்ளிகள் அமெரிக்க அல்லது கனடாக் கல்லூரியில் படித்த பாடங்களைத்தான் ஏற்கும். பல பள்ளிகள் கிரீன் கார்டு இல்லாதவரின் விண்ணப்பத்தைத் தொடவே மாட்டா. விசா நிலையைத் தீர்க்காமல் பெரிய பெயருக்குப் பணம் கட்டுவதைப் பேராசை என்றுகூடச் சொல்ல முடியாது, வெறும் அவசரம்.

யாருக்குத்தான் பெரிய போஸ்ட்பேக் பொருந்தும்? முதல் பட்டத்தில் உயர்ந்த மதிப்பெண், ஓராண்டு சம்பளமில்லாமல் இருக்கத் தெம்பு, குடும்பப் பொறுப்பு குறைவு, தானாகப் பாடத்திட்டம் வகுத்துக்கொள்ளத் தெரியாத சுபாவம் - இந்த நான்கும் உள்ளவருக்கு. மற்றவர்கள் முதலில் வார இறுதியில் ஆம்புலன்ஸ் இஎம்டி வேலையோ, டாக்டர் பக்கத்தில் நின்று குறிப்பெடுக்கும் ஸ்கிரைப் வேலையோ பார்க்கலாம். அதில் கூலியும் கிடைக்கிறது, இந்தத் தொழில் பிடிக்கிறதா என்பதும் தெரிந்துவிடுகிறது.

அதற்குப் பிறகும் பெரிய இடத்துக்கே போவேன் என்றால், சேர்க்கை அலுவலகத்துக்கு ஒரு போன் போடுங்கள். முதல் நாள் வகுப்பில் எத்தனை பேர் உட்கார்ந்தார்கள், அவர்களில் எத்தனை பேருக்குக் குழுக் கடிதம் கொடுத்தீர்கள், எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று வரிசையாகக் கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு மட்டும் பளிச்சென்று பதில் வந்தால், விண்ணப்பக் கட்டணத்தை அனுப்பாதீர்கள்.