காய்ச்சல் விட்ட பிறகும் ஒரு கவனம்



சண்டையாலும், 2025 மார்ச் 28-இல் வந்த நிலநடுக்கத்தாலும் ஊரை விட்டு, நம் தாமுவேயில் புதிதாகக் குடிவந்திருக்கும் வீடுகளிலிருந்து ஒரு கேள்வி அடிக்கடி வருகிறது. "சளிக்காய்ச்சல் விட்டு இரண்டு மாதம் ஆகிறது. இருமலும் நின்றுவிட்டது. ஆனால் மாடி ஏறினால் நெஞ்சு படபடக்கிறது. முன்பு இல்லாத பிரஷர் இப்போது இருக்கிறது என்கிறார்கள். இது எதனால்?"

பதில் சொல்லுமுன் நாம் செய்த ஒரு தவற்றைச் சொல்லிவிடுகிறோம். பழைய தாமுவேக்காரர்களுக்கு 2021 ஜூலை மாதம் மறந்திருக்காது. கொரோனாவின் மூன்றாம் அலை அடித்த மாதம் அது. ஆஸ்பத்திரிகளில் ஆள் இல்லை, இடம் இல்லை. விடியற்காலையிலிருந்தே மக்கள் ஆக்சிஜன் சிலிண்டரை வைத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். வீடே ஆஸ்பத்திரியாக இருந்த காலம். நம் தெருவில் ஐந்தாம் மாடியில் இருந்த பெரியவர் ஒருவர் அதில் பிழைத்து எழுந்தார். ஆக்சிஜன் அளவும் பழையபடி வந்துவிட்டது. கீழிருந்து கயிற்றில் கட்டிக் கஞ்சி அனுப்பிய அத்தனை பேருக்கும் பால்கனியில் நின்று கும்பிடு போட்டார்.

மூன்று வாரம் கழித்து அவருடைய வலது கெண்டைக்கால் வீங்கி வலித்தது. நெடுநாள் படுத்திருந்ததால் சுளுக்கு என்று நினைத்தோம். நல்லெண்ணெயைக் காய்ச்சிக் கொடுத்தது நாம்தான். இரண்டு நாள் நன்றாக அழுத்தித் தேய்த்தார்கள். மூன்றாம் நாள் காலையில் முகம் கழுவப் போனவர் மூச்சு வாங்க உட்கார்ந்தார். டாக்ஸி வருவதற்குள் போய்விட்டார். பிறகு விவரம் கேட்ட டாக்டர் சொன்னார்: "பரிசோதனை செய்யாமல் உறுதி சொல்ல முடியாது. ஆனால் காலில் உறைந்த இரத்தக் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்திருக்கலாம். ஒரு கால் மட்டும் வீங்கினால் தேய்க்கவே கூடாது." அன்று நமக்கு அது தெரியாது. இன்று உங்களுக்காவது தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் இந்த மாதப் பகுதி.

குழாயின் உள்ளே நடப்பது என்ன?

நம் உடம்பிலுள்ள இரத்தக் குழாய் ஒவ்வொன்றின் உட்புறத்திலும் ஒரே ஒரு செல் கனமுள்ள மெல்லிய படலம் இருக்கிறது. மருத்துவர்கள் இதை எண்டோதீலியம் என்பார்கள். இது வெறும் பூச்சு அல்ல. நைட்ரிக் ஆக்சைடு என்னும் பொருளைச் சுரந்து குழாயைத் தளர்வாக வைப்பதும், உள்ளே ஓடும் இரத்தம் உறையாமல் காப்பதும் இதன் வேலை.

நுரையீரலில் வைரஸ் புகுந்தால் உடம்பு அதை எதிர்த்துப் போராடுகிறது. அந்தப் போராட்டத்தின் சூடு நுரையீரலோடு நிற்பதில்லை. இரத்தத்தோடு உடம்பெங்கும் போகிறது. அப்போது படலம் அழற்சி கண்டு வீங்குகிறது. வழவழப்பாக இருந்த இடம் சொரசொரப்பாகிறது. அதில் இரத்தத் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்ள, கட்டி உண்டாகிறது. தளர்ந்து சுருங்க வேண்டிய குழாயும் இறுகிப்போகிறது. 2020 ஏப்ரலில் ஸ்விட்சர்லாந்தின் சூரிச் பல்கலைக்கழக ஆஸ்பத்திரி மருத்துவர்கள், கொரோனா நோயாளிகளின் பல உறுப்புகளில் இந்தப் படலமே அழற்சி கண்டிருந்ததை லான்செட் இதழில் எழுதினார்கள். மூச்சு நோய் என்று நாம் நினைத்தது குழாய் நோயாகவும் இருந்தது.

எத்தனை நாள் கவனம் வேண்டும்?

ஸ்வீடனில் கொரோனா கண்ட பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்து 2022-இல் வெளியிட்டார்கள். காலில் இரத்தம் உறையும் அபாயம் மூன்று மாதம் வரையிலும், நுரையீரலில் கட்டி அடைக்கும் அபாயம் ஆறு மாதம் வரையிலும் கூடுதலாக இருந்தது. நோய் கடுமையாக வந்தவர்களுக்கு அபாயம் அதிகம். லேசாக வந்தவர்களுக்கும் இல்லாமல் இல்லை.

2025 ஆகஸ்டில் 16 நாடுகளின் 2,390 பேரை வைத்துச் செய்த ஆராய்ச்சி ஒன்று வெளிவந்தது. கழுத்திலிருந்து தொடைக்கு நாடித் துடிப்பு எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அளந்தார்கள். புது ரப்பர் குழாய் வளையும். வெயிலில் காய்ந்த குழாய் விறைத்து நிற்கும். விறைத்த குழாயில் துடிப்பு வேகமாக ஓடும். கொரோனா கண்டவர்களுக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, லேசாக வந்து போனாலும்கூடக் குழாய்கள் சுமார் ஐந்து வயது கூடியதுபோல விறைத்திருந்தன. ஆறுதலான செய்தியும் அதிலேயே உண்டு. தடுப்பூசி போட்டவர்களுக்கு விறைப்பு குறைவு. நாளாக ஆக அது மேலும் கூடாமல் நின்றது, சிலருக்குச் சற்றுக் குறையவும் செய்தது.

கொரோனாவுக்கு மட்டும்தானா இது? இல்லை. கனடாவின் ஒண்டாரியோவில் செய்து 2018-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், இன்புளுயென்சா உறுதியான முதல் ஏழு நாளில் மாரடைப்பு அபாயம் ஆறு மடங்காக இருந்தது தெரிந்தது. தெற்காசிய மக்களுக்கு முதல் மாரடைப்பே மற்றவர்களைவிடச் சில ஆண்டுகள் முன்னதாக வருகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். "வெறும் சளிக்காய்ச்சல்தானே" என்று நாம் சொல்ல முடியாது.

வீட்டில் செய்ய வேண்டியவை

முதலாவது, பிரஷர். 2021-இல் வீட்டுக்கு வீடு விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானி வாங்கினோம். இப்போது நான்கு வீடு சேர்ந்து ஒரு பிரஷர் மெஷின் வாங்குங்கள். காய்ச்சல் விட்ட பின் மூன்று மாதம், வாரம் இரு முறை பாருங்கள். ஐந்து நிமிடம் முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் பட, பேசாமல் உட்கார வேண்டும். கை நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும். அதற்கு முன் அரை மணி நேரம் டீ, சுருட்டு கூடாது. இரண்டு தடவை பார்த்துத் தேதியோடு எழுதுங்கள். வீட்டில் எடுக்கும் அளவு தொடர்ந்து 135/85 அல்லது அதற்கு மேல் இருந்தால் அந்தத் தாளோடு டாக்டரிடம் போங்கள்.

இரண்டாவது, சர்க்கரை. காய்ச்சலின்போது ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவர்கள் கட்டாயம் சோதிக்க வேண்டும். அந்த மாத்திரை சர்க்கரையையும் பிரஷரையும் ஏற்றிவிடும்.

மூன்றாவது, நடை. நாள் முழுவதும் படுத்திருப்பதும் தவறு, மறுநாளே அரிசி மூட்டையைத் தூக்குவதும் தவறு. ஐந்து நிமிட நடையில் தொடங்குங்கள். உடம்பு இடம் கொடுத்தால் வாரந்தோறும் சில நிமிடம் கூட்டுங்கள். மாடி ஏறும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கி ஏறுங்கள். நடந்த மறுநாள் உடம்பு அடித்துப்போட்டதுபோல் இருந்தால் அளவைக் குறையுங்கள், வீம்பு வேண்டாம்.

நான்காவது, சாப்பாடு. ஒரு நாளைக்கு ஒருவருக்கு மொத்தம் ஒரு டீஸ்பூன் உப்பு, அதாவது 5 கிராமுக்குக் கீழே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஙப்பி, கருவாடு, ஊறுகாய் மூன்றும் ஒரே தட்டில் விழுந்தால் கணக்கு அங்கேயே முடிந்துவிடும். மூன்றில் ஒன்று போதும், அதுவும் தினம் வேண்டாம். கீரையும் பருப்பும் கூடட்டும். சுருட்டும் புகையிலை வைத்த குன்யாவும் புண்பட்ட குழாயை மேலும் புண்படுத்தும். விடுவதற்கு இதைவிட நல்ல நேரம் கிடையாது.

ஐந்தாவது, மருந்து. இரத்தத்தை இளக்கும் என்று யாரோ சொல்லக் கேட்டுக் கடையில் ஆஸ்பிரின் வாங்கிச் சாப்பிடாதீர்கள்; வயிற்றில் இரத்தக் கசிவு வரலாம். டாக்டர் முன்பே கொடுத்த பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

உடனே புறப்பட வேண்டிய நேரம்

இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

• ஒரு கால் மட்டும் வீங்கி, வலித்து, சூடாக இருந்தால். தேய்க்காதீர்கள், ஒத்தடம் கொடுத்து நேரம் போக்காதீர்கள்.
• திடீரென்று மூச்சு வாங்கினால், மூச்சை இழுக்கும்போது நெஞ்சு குத்தினால், இருமலில் இரத்தம் வந்தால்.
• நெஞ்சை அழுத்தும் வலி கைக்கோ தாடைக்கோ பரவி, வியர்த்துக் கொட்டினால்.
• முகம் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தொங்கினால், பேச்சுக் குழறினால்.

புதிதாக வந்த குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். இரவிலும் திறந்திருக்கும் ஆஸ்பத்திரி எது, டாக்ஸி வைத்திருக்கும் அண்டைவீட்டுக்காரர் யார் என்பதை இன்றே கேட்டு எழுதி, வாசற்கதவின் உட்புறம் ஒட்டிவையுங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம். நாமும் ஒரு காலத்தில் இந்தத் தெருவுக்குப் புதியவர்களாக வந்தவர்கள்தான்.

குழாய்ப் படலம் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் சக்தி உடையது. அதற்குச் சில மாத அவகாசமும் நம்முடைய கவனமும் வேண்டும். காய்ச்சல் விட்டதும் தலைக்கு ஊற்றிக்கொண்டு எல்லாம் முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். இனி நம் தெருவில் யாராவது கால் வலி என்று வந்தால், எண்ணெய்க் கிண்ணத்தை எடுக்குமுன் இரண்டு காலையும் சேர்த்துவைத்துப் பார்ப்போம். ஒன்று பெரிதாக இருந்தால் கிண்ணத்தை வைத்துவிட்டு டாக்ஸியைக் கூப்பிடுவோம்.

அடுத்த இதழில் சந்திப்போம். அதுவரை நலமாக இருங்கள்.