பயராபீஸ் அக்காவுக்கு ஒரு போட்டோ

சிவகாசி, சாத்தூர் பக்கம் பட்டாசு விபத்து என்று செய்தி வந்தால், டிஜிட்டல் டெஸ்க்கில் எங்களுக்கு அடுத்த வேலை படம் தேடுவது. இறந்தவரின் முகம் எங்கிருந்து கிடைக்கும் தெரியுமா? ஆதார் அட்டையில் இருந்து. அதுவும் இல்லையென்றால் யாருடைய கல்யாணத்திலோ எடுத்த குரூப் போட்டோ. பின்வரிசையில் நிற்பவரை மட்டும் வெட்டிப் பெரிதாக்குவோம். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் 30 பேருக்கு மேல் இறந்தார்கள். அன்றைக்கும் இப்படித்தான் தேடியிருப்பார்கள்.

இத்தனைக்கும் இது முகங்களை அச்சடிக்கிற ஊர். 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள், லேபிளுக்கு அச்சகம், அப்புறம் காலண்டர். பக்கத்துக் கோவில்பட்டியில் இருந்துகொண்டு கொண்டைய ராஜுவும் அவர் சீடர்களும் வரைந்த சாமி படங்கள் நம் தாத்தா பாட்டி வீட்டுச் சுவர்களில் தொங்கின. அந்த மீனாட்சியின் முகம் எல்லோருக்கும் தெரியும். மீனாட்சி படம் போட்ட வெடிப் பாக்கெட்டை ஒட்டிய அக்காவின் முகம்தான் யாருக்கும் தெரியாது.

இதற்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. பயராபீஸுக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. பாதுகாப்பு விதி, சரியான விதி. அதனால் வேலை செய்யும் இடத்தில் ஒரு செல்ஃபிகூடக் கிடையாது.

இங்கேதான் எனக்கு எம். பழனி குமார் நினைவுக்கு வருகிறார். மதுரைப் பக்கத்துக்காரர். மலக்குழி மரணங்களைப் பற்றிய ‘கக்கூஸ்’ ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர். ‘பாரி’ இணையதளத்தின் புகைப்படக்காரர். 2022-ல் தயானிதா சிங் பெயரிலான ஆவணப் புகைப்பட விருதை முதல் ஆளாக வாங்கினார். எனக்கு விருதைவிடப் பெரிதாகத் தெரிவது வேறு. உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் மீனவப் பெண்களுக்கும் உட்கார்ந்து போட்டோ எடுக்கக் கற்றுத் தருகிறார். எப்போதும் படத்துக்குள் இருந்தவர்கள் கேமராவுக்குப் பின்னால் போகிறார்கள்.

இப்படி ஒரு வகுப்பு நம் விருதுநகர்ப் பக்கமும் வர வேண்டும். ஆனால் ஒரு நாள் போதாது. ஏனென்றால் கேமராவைப் பார்த்ததும் நம் ஆட்கள் ரேஷன் கார்டு முகத்துக்கு மாறிவிடுவார்கள்! தோள் விறைக்கும், சிரிப்பு காணாமல் போகும். அதனால் முதல் நாள் கேமராவே வேண்டாம். டீ குடியுங்கள், பேசுங்கள், படம் எடுக்கலாமா என்று கேளுங்கள். ‘வேண்டாம் தம்பி’ என்றால் விட்டுவிடுங்கள்.

மறுநாள் வெளிச்சம். நம்ம ஊர் உச்சி வெயிலில் கண்ணுக்குக் கீழே கருப்பு நிழல் விழும். வாசற்படிக்கு ஓரடி உள்ளே உட்கார வைத்தால், வெளியே இருந்து வரும் வெளிச்சமே போதும், லைட் வாடகைக்கு எடுக்க வேண்டாம். போனை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள், மூக்கு மட்டும் பெரிதாகத் தெரியும். நாலைந்து அடி தள்ளி நின்று 2 மடங்கு ஜூம். திரையில் கண்ணைத் தொட்டு ஃபோகஸ். அதற்கு முன்னால் லென்ஸைத் துடையுங்கள் (யாருமே துடைப்பதில்லை).

மூன்றாம் நாள் கைகள். அலுமினியத் தூளில் வேலை பார்ப்பவர்களின் கை வெள்ளி பூசியது போல மின்னும். அதை அழகு என்று மட்டும் எடுத்தால் அது காலண்டர் படம். பாவம் என்று மட்டும் எடுத்தால் எங்கள் விபத்துச் செய்திப் படம். கையைக் கழுவிவிட்டு, பூ வைத்துக்கொண்டு வருகிறேன் என்று அக்கா சொன்னால் காத்திருங்கள். எப்படித் தெரிய வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டியது அவர்தானே? அதே அக்காவிடம் போனைக் கொடுத்து உங்களையும் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். அடுத்த படத்தில் விறைப்பு பாதி குறைந்துவிடும்.

கடைசி நாள் பிரிண்ட். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போன் மாறும்போது போய்விடும். ஸ்டுடியோவில் மேக்ஸி சைஸில் போட்டு, கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.

நடத்த நினைப்பவர்களுக்கு ஒரு யோசனை. தீபாவளி முடிந்து ஆலைகள் மறுபடி திறக்கும்வரை உள்ள நாள்கள் தோது. வீட்டில் ஆள் இருப்பார்கள். ஐப்பசி மேகத்தில் வெயிலும் மெத்தென்று விழும்.