கூகுள் அனுப்பும் வாடிக்கையாளரை நம்பிக் கடன் வாங்கலாமா?

கேள்வி: ‘‘காங்கேயம் பக்கம் மரச்செக்கு வைத்துக் கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் ஆட்டி விற்கிறோம். மகன் இணையதளம் தொடங்கிக் கொடுத்த பிறகு மாதம் 200 ஆர்டர் வரை வருகிறது. பெரும்பாலானவர்கள் கூகுளில் தேடிப் பார்த்து வருகிறவர்கள்தான். 6 லட்சம் ரூபாய் கடன் வாங்கி இரண்டாவது செக்கு போடலாம் என்கிறான் மகன். ‘முகம் தெரியாதவன் அனுப்புகிற கூட்டத்தை நம்பி வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைக்காதே’ என்கிறார் மாமனார். யார் சொல்வதைக் கேட்பது?’’
- ஒரு வாசகி, திருப்பூர் மாவட்டம்.

பதில்: இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. கிராமத்தில் ஆட்டிய எண்ணெய் சென்னைக்கும் பெங்களூருக்கும் போகிறது என்றால் அது மகனின் உழைப்பு. ஆனால், அந்த 200 ஆர்டரும் யாருடைய கையில் இருக்கிறது என்பதுதான் மாமனாரின் கேள்வி. கடன் வாங்குவதற்கு முன் அதற்குப் பதில் தெரிந்தாக வேண்டும்.

கூகுள் என்பது ஒரு தேடுதளம். உலகத்தில் உள்ள இணையப் பக்கங்களைக் கம்ப்யூட்டர் நிரல்கள் முன்கூட்டியே படித்துப் பதிந்து வைத்திருக்கின்றன. ஒருவர் ‘மரச்செக்குக் கடலை எண்ணெய்’ என்று தேடினால், பதிந்து வைத்தவற்றில் எது முதலில், எது கடைசியில் என்று அந்த நிரல்தான் வரிசைப்படுத்துகிறது. வரிசைக்கான விதிகள் அடிக்கடி மாறும். முழு விதி வெளியே யாருக்கும் தெரியாது. இன்று மூன்றாவது இடத்தில் இருக்கும் கடை, அடுத்த மாதம் முப்பதாவது இடத்துக்குப் போகலாம். முதல் பக்கத்தைத் தாண்டிப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு. எண்ணெயின் தரம் குறையவில்லை, விலை ஏறவில்லை, ஆனாலும் போன் மணி அடிப்பது நின்றுவிடும்.

கரும்பு போடுபவர்களுக்கு இது எளிதில் புரியும். ஒரே ஆலையை நம்பிக் கரும்பு போட்டால், அரவை தள்ளிப்போனாலும் பணம் நிலுவையில் நின்றாலும் விவசாயிதான் தவிக்க வேண்டும். ஆனாலும் ஆலையோடு பதிவு இருக்கிறது, வெட்டு உத்தரவு இருக்கிறது, அரசு அறிவித்த விலை இருக்கிறது. குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்கவும் முடியும். தேடுதளத்தில் இலவசமாக வந்து நிற்கும் கடைக்கு எந்த ஒப்பந்தமும் கிடையாது. இடம் போனால் ‘ஏன்’ என்று கேட்க எதிரே ஆளும் கிடையாது.

நடந்த இரண்டு சம்பவங்களைப் பார்த்தால் இது விளங்கும்.

முதலாவது, இங்கிலாந்தில் நடந்தது. ஆடம் ராஃப், ஷிவான் ராஃப் என்ற கணவன், மனைவி 2006-ம் ஆண்டு ‘ஃபவுண்டெம்’ என்ற இணையதளத்தைத் தொடங்கினார்கள். ஒரு பொருள் எந்தக் கடையில் என்ன விலை என்று ஒப்பிட்டுச் சொல்லும் தளம் அது. தொடங்கிய சில நாள்களிலேயே கூகுள் வரிசையில் அது எங்கோ கீழே தள்ளப்பட்டது. மற்ற தேடுதளங்களில் வழக்கம்போலத் தெரிந்தது. ஆனால், மக்கள் தேடியது கூகுளில்தான். அவர்கள் 2009-ல் ஐரோப்பிய ஆணையத்திடம் புகார் கொடுத்தார்கள். விலை ஒப்பிடும் தன்னுடைய சொந்தச் சேவையை மேலே காட்டி, போட்டியாளர்களைக் கீழே தள்ளியதாக 2017 ஜூன் மாதம் கூகுளுக்கு 242 கோடி யூரோ அபராதம் விதிக்கப்பட்டது. 2024 செப்டம்பரில் ஐரோப்பிய உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆனால் ஃபவுண்டெம் தளம் 2016-லேயே மூடப்பட்டுவிட்டது. அபராதத் தொகையும் அந்தத் தம்பதிக்குப் போகவில்லை. நியாயம் அவர்கள் பக்கம் இருந்தும், அது வந்து சேரும்வரை கடை தாங்கவில்லை.

இரண்டாவது, அமெரிக்காவில் நடந்தது. 2011 பிப்ரவரியில் கூகுள் தன் வரிசை விதியை மாற்றியது. கூலிக்கு ஆள் வைத்து, உள்ளீடு இல்லாத கட்டுரைகளை மூட்டை மூட்டையாக எழுதிக் குவித்த தளங்களைக் கீழே இறக்குவதுதான் நோக்கம். அந்தத் தளங்களை அங்கே ‘பண்ணை’ என்றே கேலியாக அழைப்பார்கள். அதனால் இந்த மாற்றத்துக்கும் முதலில் ‘விவசாயி’ என்று பெயர் ஓடியது. பிறகு ‘பாண்டா’ என்ற பெயர் நிலைத்தது. அந்த ஒரு மாற்றத்தால் அமெரிக்காவில் செய்யப்படும் தேடல்களில் 11.8 சதவிகிதத்தின் முடிவுகள் பாதிக்கப்படும் என்று கூகுளே அறிவித்தது. ‘மஹாலோ’ என்ற நிறுவனம் ஊழியர்களில் 10 சதவிகிதம் பேரை உடனே வீட்டுக்கு அனுப்பியது. களைக்கொல்லி தெளித்தால் காற்றில் பறந்து பக்கத்து வயல் பயிரும் கருகுவதுபோல, ஒழுங்காக எழுதிவந்த சில தளங்களும் இதில் அடிபட்டன.

வேறு தேடுதளத்தை நம்பலாமே என்றால், அங்கே கூட்டம் இல்லை. அமெரிக்காவில் 2020-ல் நடந்த தேடல்களில் 89.2 சதவிகிதமும், செல்போன் தேடல்களில் 94.9 சதவிகிதமும் கூகுள் வழியாக நடந்ததாக நீதிமன்றத்தில் பதிவாகியிருக்கிறது. அந்த வழக்கில் 2024 ஆகஸ்ட் மாதம், தேடல் சந்தையில் கூகுள் சட்டத்துக்குப் புறம்பாக ஏகபோகத்தைக் காத்துவருகிறது என்று நீதிபதி அமித் மேத்தா தீர்ப்பளித்தார். இந்தியாவில் அதன் பங்கு இன்னும் அதிகம். சென்னையிலிருந்து இயங்கும் பாரத் மேட்ரிமோனி நிறுவனம், ஒரு நுகர்வோர் அமைப்பு ஆகியோர் கொடுத்த புகார்களின் பேரில், இந்தியப் போட்டி ஆணையம் 2018 பிப்ரவரியில் கூகுளுக்கு 135.86 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. புகார் 2012-ல் கொடுத்தது. பெரிய நிறுவனங்கள் ஆறு வருடம் காத்திருக்கும். தவணை கட்ட வேண்டிய செக்குக்காரர் ஆறு மாதம்கூடக் காத்திருக்க முடியாது.

விதி மாறாவிட்டாலும் வரத்து குறைய இன்னொரு காரணம் உண்டு. 2024-ம் ஆண்டு முதல், தேடியவருக்குச் செயற்கை நுண்ணறிவு எழுதிய பதிலைக் கூகுள் பக்கத்தின் உச்சியிலேயே காட்டத் தொடங்கியிருக்கிறது. ‘செக்கு எண்ணெய் எத்தனை மாதம் கெடாமல் இருக்கும்?’ என்று தேடுபவர் முன்பு ஏதாவது ஓர் இணையதளத்துக்குள் வந்தாக வேண்டும். இப்போது பதிலை அங்கேயே படித்துவிட்டுப் போய்விடலாம்.

அப்படியானால் கடன் வேண்டாமா? அதைக் கணக்குதான் சொல்ல வேண்டும்.

வரும் ஆர்டர்களை இரண்டாகப் பிரிக்க வேண்டும். கூகுளில் தேடி முதன்முறை வருபவர்கள் ஒரு பக்கம். பெயரும் போன் நம்பரும் தெரிந்து திரும்பத் திரும்ப வாங்குபவர்கள் மறுபக்கம். முதல் பகுதி மழையை நம்பிய மானாவாரி. இரண்டாவது பகுதி சொந்தக் கிணற்றுத் தண்ணீர். கடன் தவணையைக் கிணற்றுத் தண்ணீரை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

உதாரணத்துக்கு, எல்லாச் செலவும் போக ஓர் ஆர்டருக்கு 150 ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 200 ஆர்டருக்கு மாதம் 30,000 ரூபாய். 6 லட்சம் ரூபாயை 11 சதவிகித வட்டியில் 5 வருடத்தில் அடைப்பதாக இருந்தால், மாதத் தவணை சுமார் 13,000 ரூபாய் வரும். மேலோட்டமாகப் பார்த்தால் தாராளமாகக் கட்டலாம். ஆனால், 200-ல் 60 பேர்தான் திரும்ப வாங்குபவர்கள் என்றால், கையில் உறுதியாக நிற்பது 9,000 ரூபாய்தான். வரிசை ஒருமுறை இறங்கினால் மாதம் 4,000 ரூபாய் கைக்காசு போடும் நிலை வரும். இதே கணக்கில் திரும்ப வாங்குபவர்கள் 90 பேரைத் தாண்டினால் தவணை தாங்கும். 120 பேர் ஆன பிறகு கடன் வாங்கினால் வீட்டில் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கலாம். அதுவரை இருக்கும் செக்கையே கூடுதல் நேரம் ஓட்டிச் சமாளிக்க முடியுமா என்று பார்ப்பதே நல்லது.

அந்த 60-ஐ 120 ஆக்குவதற்குச் செய்ய வேண்டியவை:

1. ஆர்டர் தரும் ஒவ்வொருவரிடமும் ‘எங்களைப் பற்றி எப்படித் தெரிந்தது?’ என்று கேட்டு, நோட்டில் எழுத வேண்டும். மூன்று மாதம் எழுதினால், வீட்டில் யார் சொல்வது சரி என்று அந்த நோட்டே சொல்லிவிடும்.

2. வாங்கியவரின் பெயர், ஊர், போன் நம்பர், வாங்கிய தேதி ஆகியவற்றைக் காகிதத்திலும் வைத்திருக்க வேண்டும். செல்போனில் மட்டும் இருந்தால் போதாது. 2021 அக்டோபர் 4-ம் தேதி ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் சுமார் 6 மணி நேரம் ஒன்றாகப் படுத்துவிட்டன. மூன்றும் ஒரே நிறுவனத்துடையவை.

3. எண்ணெய் தீரும் நாள் வீட்டுக்காரர்களுக்குத் தெரியும். ஒரு குடும்பத்துக்கு 5 லிட்டர் எத்தனை நாள் வருகிறது என்று இரண்டு முறை பார்த்தால் பிடிபடும். அவர்கள் சம்மதம் சொல்லியிருந்தால், தீர்வதற்கு நான்கு நாள் முன்பு ஒரு போன் போதும். மறுபடி கூகுளில் தேட வேண்டிய அவசியமே அவர்களுக்கு வராது.

4. பாட்டில் லேபிளில் போன் நம்பரும் முகவரியும் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் பார்த்து எழுதிக்கொள்வார்.

5. இணையதளத்தின் பெயர் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று உடனே பார்க்க வேண்டும். வடிவமைத்துக் கொடுத்தவர் பெயரில் இருந்தால் குடும்பத்தில் ஒருவர் பெயருக்கு மாற்ற வேண்டும். பாஸ்வேர்டு வீட்டில் இருக்க வேண்டும், ஓ.டி.பி வீட்டு போனுக்கு வர வேண்டும். வருடாந்திரப் புதுப்பிப்புத் தேதியைக் காலண்டரில் குறித்துவைக்க வேண்டும்.

6. கூகுள் வரைபடத்தில் கடையைப் பதிவு செய்வது இலவசம். மைக்ரோசாஃப்டின் ‘பிங்’ தேடுதளத்திலும் பதிவு செய்யலாம். இவற்றோடு திருப்பூர், கோவை பகுதியில் நான்கைந்து கடைகள், அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு மாதம் ஒருமுறை நேரடி விநியோகம், பக்கத்து உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் என்று வேறு வாசல்களும் திறந்திருக்க வேண்டும். எந்த ஒரு வழியும் மொத்த விற்பனையில் பாதியைத் தாண்டாமல் இருப்பது நல்லது.

கேள்வி: ‘‘எங்கள் குழு தேனும் சிறுதானிய மாவும் ஆன்லைனில் விற்கிறது. ‘கூகுளில் முதல் இடத்துக்குக் கொண்டுவருகிறோம், மாதம் 10,000 ரூபாய்’ என்று அடிக்கடி போன் வருகிறது. பணம் கட்டலாமா?’’
- ஒரு சுய உதவிக் குழு, தர்மபுரி மாவட்டம்.

பதில்: முதல் இடத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டிக் குறிப்பில் எழுதிவைத்திருக்கிறது. உத்தரவாதம் தருகிறேன் என்று சொல்பவரை அந்த ஒரு காரணத்துக்காகவே தவிர்க்கலாம்.

குறுக்கு வழியில் மேலே வந்தால் இறங்குவதும் வேகமாக இருக்கும். அமெரிக்காவின் ஜே.சி.பென்னி என்ற பெரிய ஜவுளிக் கடை, 2010 இறுதியில் கூகுளில் பல பொருள்களுக்கு முதல் இடத்தில் நின்றது. சம்பந்தமே இல்லாத ஏராளமான தளங்களில் அதன் இணைப்புகள் வைக்கப்பட்டிருந்ததை நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் 2011 பிப்ரவரியில் வெளிப்படுத்தியது. கூகுள் அந்தக் கடையை வரிசையில் வெகுவாகக் கீழே இறக்கியது. தனக்குத் தெரியாமல் நடந்தது என்று சொன்ன கடை, அந்த வேலையைப் பார்த்துவந்த ஆலோசனை நிறுவனத்தை நீக்கியது. அந்தக் கடைக்கு ஊர் ஊராகக் கிளைகள் இருந்ததால் தாங்கியது. மகளிர் குழுவுக்கு அப்படி ஒரு தாங்குதல் இல்லை.

பணம் கட்டிக் காட்டப்படும் விளம்பரம் வேறு வகை. ‘விளம்பரம்’ என்ற குறிப்போடு மேலே தெரியும். இதற்கான இடம் ஏலத்தில் போகிறது. ஒருவர் தொட்டு உள்ளே வந்தால், வாங்கினாலும் வாங்காவிட்டாலும் காசு போகும். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் வியாபாரிகள் கூடினால் விலை ஏறுவதுபோல, பண்டிகைக் காலத்தில் இங்கும் ஏறும். செய்வதானால், தினம் இவ்வளவுதான் என்று உச்சவரம்பு வைத்து, ஒரு மாதம் மட்டும் சோதித்துப் பார்க்கலாம். விளம்பரத்துக்குப் போன தொகையை அதன்மூலம் வந்த ஆர்டர்களால் வகுத்தால், ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க எவ்வளவு ஆனது என்று தெரியும். ஒரு பாட்டில் தேனில் நிற்கும் லாபத்தைவிட அது அதிகமாக இருந்து, வாங்கியவரும் திரும்ப வரவில்லை என்றால், நிறுத்திவிட வேண்டும்.

மாதம் 10,000 ரூபாய் செலவு செய்யக் குழு தயாராக இருந்தால், ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு அடுத்த பார்சலோடு 50 கிராம் தினை மாவு மாதிரிப் பொட்டலம் வைத்து அனுப்பலாம். சுவைத்துப் பார்த்தவர் அடுத்த முறை குழுவின் நம்பருக்கே போன் செய்வார்.