இரவல் தந்த தேர்

இராவணன் தேர்மேல் நின்று போரிட்டான். இராமபிரானோ தரையில் நின்று போரிட்டார். இது ஒத்த போர் அன்று என்று வானில் நின்ற தேவர்கள் வருந்தினர். அது கேட்ட இந்திரன் தன் தேரையே இராமபிரானுக்கு அனுப்பிவைத்தான் என்கிறது வால்மீகி இராமாயணத்தின் யுத்த காண்டம்.

தேரை மட்டுமா அனுப்பினான்? அதன் குதிரைகளின் குணம் அறிந்த மாதலியைச் சாரதியாக உடன் அனுப்பினான். வில்லும் அம்பும் சேர்த்து, நெருப்பென ஒளிரும் கவசத்தையும் கொடுத்தனுப்பினான். பெற்றவரின் பண்பும் அதற்குக் குறைந்ததன்று. இராமபிரான் அத்தேரை வலம் வந்து வணங்கிய பின்னரே அதில் ஏறினார். வெற்றி கிட்டியதும் மாதலியைப் பாராட்டி, விடை கொடுத்து, தேரைத் திருப்பி அனுப்பினார். இரவல் கொடுப்போருக்கும் வாங்குவோருக்கும் வேண்டிய நெறி முழுவதும் இந்த ஒரு நிகழ்ச்சியில் அடங்கியிருக்கிறது.

தேர் நின்ற இடத்தில் இன்று மோட்டார் சைக்கிள் நிற்கிறது. வாங்கிய அன்றே அதைச் சென்னைப் பல்லவன் சாலையிலுள்ள பாடிகாட் முனீஸ்வரர் சந்நிதிக்கோ, உள்ளூர்ப் பிள்ளையார் கோயிலுக்கோ கொண்டுசென்று, மாலை சாத்தி, சந்தன குங்குமம் இட்டு, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து ஓட்டிவருவது வழக்கம். அப்படிப் போற்றிய வண்டியை, "கொஞ்சம் சாவி கொடுங்கள், கடைத்தெரு வரை போய் வந்துவிடுகிறேன்" என்று மைத்துனர் மகனோ, பக்கத்து வீட்டுக்காரரோ வந்து கேட்கும்போது வீட்டுப் பெரியவருக்கு மனம் தடுமாறுகிறது. கொடுத்தால் கவலை, மறுத்தால் மனத்தாங்கல்.

கேட்டவருக்கு இல்லை என்னாமை பெரும் பண்பு. முல்லைக்குத் தேர் ஈந்த பாரியைப் போற்றும் மரபு இது. ஆயினும் முல்லை அத்தேரில் படர்ந்ததே அன்றி, அதை ஓட்டிச் செல்லவில்லை. ஏணியும் அண்டாவும் இரவல் போனால், போகக்கூடியது பொருள் மட்டுமே. மோட்டார் சைக்கிள் இரவல் போகும்போதோ, வாங்கியவரின் உயிரும், வழியில் நடந்து செல்லும் முன்பின் அறியாதவரின் உயிரும் அதனுடன் செல்கின்றன.

ஆகவே மறுக்கத் தோன்றும்போது, எதற்காக அத்தயக்கம் என்று பெரியவர்கள் தம் மனத்தையே முதலில் வினவிக்கொள்ளல் நன்று. வண்டியில் கீறல் விழுமே, பெட்ரோல் குறையுமே என்பது காரணமானால் அது உலோபம். அதை வெல்ல வேண்டும். கேட்பவருக்கு ஓட்டுநர் உரிமம் இல்லை, அவர் மது அருந்தியிருக்கிறார், வேகத்தில் மோகம் உடையவர் என்பது காரணமானால் அது அருள்; அங்கே மறுப்பதே அறம். ஒருவரை ஆராய்ந்த பின்பே நம்ப வேண்டும் என்பதற்காகத் 'தெரிந்துதெளிதல்' என்று தனி அதிகாரமே வகுத்தார் திருவள்ளுவர்.

நாட்டின் சட்டமும் இதையே கேட்கிறது. உரிமம் இல்லாதவரை ஓட்ட அனுமதித்த உரிமையாளருக்கு மூன்று மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்க மோட்டார் வாகனச் சட்டத்தில் இடமுண்டு. அத்தகையவர் ஓட்டி விபத்து நேர்ந்தால், காப்பீட்டு நிறுவனம் தான் கொடுத்த இழப்பீட்டை உரிமையாளரிடமே திரும்பக் கேட்கவும் கூடும்.

எல்லாவற்றிலும் கடினமானது பேரன் கேட்கும்போது மறுப்பது. பல வீடுகளில் ஆர்.சி. புத்தகம் தாத்தாவின் பெயரில்தான் இருக்கிறது. "பத்தே நிமிஷம், தாத்தா!" என்று பதினாறு வயதுப் பிள்ளை கெஞ்சினால் மனம் இளகிவிடும். ஆனால், கியர் உள்ள வண்டியை ஓட்ட 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். 2019-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோர் அல்லது உரிமையாளருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். அப்பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது. பத்து நிமிட மகிழ்ச்சிக்காகப் பேரனின் ஒன்பது ஆண்டுகளை அடகு வைப்பது பாசம் ஆகாது. உயிருக்கே ஊறு நேர்ந்துவிட்டால், அதைத் திருப்பித் தர எந்தச் சட்டத்தாலும் இயலாது.

மறுப்பு என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வது என்று பொருளில்லை. இந்திரன் தேருடன் சாரதியை அனுப்பியதுபோல, "சாவி வேண்டாமப்பா, பெரியவன் உன்னைக் கொண்டுபோய் விட்டுவருவான்" எனலாம். வீட்டில் ஆள் இல்லையேல் ஆட்டோவுக்குப் பணம் கொடுக்கலாம். நோயாளிக்காக நள்ளிரவில் கதவு தட்டப்பட்டால், 108-ஐ அழைத்துக் கொடுத்து உடன் நிற்கலாம். தேவை நிறைவேறியதா என்பதே முக்கியம். சாவி கைமாறியதா என்பதன்று.

தகுதியுடையவருக்குக் கொடுப்பதானால் மனமாரக் கொடுக்க வேண்டும். பிரேக் சற்றுத் தளர்ந்திருந்தால் அதைச் சரிசெய்யும் வரை கொடுக்கலாகாது. காப்பீடு நடப்பில் உள்ளதா என்று பார்த்து, சாவியுடன் தலைக்கவசத்தையும் நீட்ட வேண்டும். இந்திரன் அனுப்பிய கவசத்திற்கு இன்றைய வடிவம் அதுவே. பின்னால் அமர்பவருக்கும் அது கட்டாயம். வாங்கிச் செல்பவர் சொன்ன நேரத்தில் திரும்பி, தீர்ந்த பெட்ரோலை நிரப்பி, சிறு கீறல் விழுந்திருந்தாலும் மறைக்காமல் சொல்லிச் சாவியை ஒப்படைக்கட்டும். அவ்வாறு நடந்துகொள்பவருக்கு மறுமுறை சாவி தர எவரும் தயங்கார்.

பேரனுக்கும் ஒரு நாள் வரும். "உனக்குப் பதினெட்டு முடியட்டும், கண்ணா. உரிமம் வாங்கி வந்த அன்று, சுவாமி படத்தின் முன் வைத்து நானே சாவியை எடுத்துத் தருகிறேன்" என்று சொல்லும் தாத்தாவிடம் அவன் சில நாள் பேசாமல் இருக்கலாம். அந்தக் கோபத்தைத் தாங்கிக்கொள்வதும் பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் செய்யும் இரட்சையே.