ரீலோட் காசு எங்கே போகிறது?

"நூறு ரூபாய்க்கு ரீலோட் போட்டன். ஒரு கோலும் எடுக்கேல்ல, காசைக் காணேல்ல மிஸ்" என்றார் பேசாலைச் சகோதரி ஒருவர். அவர் கேட்காத அழைப்புப் பாட்டொன்று தினமும் காசை வெட்டியிருக்கிறது. கடலுக்குப் போனவர் கரை சேர்ந்தாரா என்று கேட்க வைத்திருந்த காசு அது!

சகோதரிகளே, வாடிக்கையாளர் சேவையில் "காத்திருங்கள்" என்றே சொல்வார்கள். சலித்து வைத்துவிடாதீர்கள். பாட்டை நிறுத்தச் சொல்லி, வெட்டிய காசையும் திருப்பிக் கேளுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் கொப்பியில் குறித்து வையுங்கள்.

பதில் இல்லையா? தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு இருக்கிறது. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டம், 1996இல் திருத்தப்பட்டபோது அமைந்தது. பாவனையாளர் முறைப்பாட்டை விசாரிப்பதும் அதன் வேலைதான். 1900க்கு அழைக்கலாம், கடிதமும் போடலாம். தமிழிலேயே எழுதுங்கள், பதிலையும் தமிழிலேயே கேளுங்கள்.