நோன்பும் கண் துளி மருந்தும்: இடைவெளியில் போகும் பார்வை

மார்ச் மாதத்தில் வரும் உலக குளுக்கோமா வாரம் 2024இல் பெரும்பாலும், 2025, 2026 ஆகிய வருடங்களில் முழுமையாகவும் ரமழானுக்குள்ளேயே விழுந்தது. கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் போன்ற ஊர்களுக்கு இந்தப் பொருத்தம் முக்கியமானது. கண்ணில் மருந்து விட்டால் நோன்பு முறிந்துவிடுமோ என்று பகல் துளியைத் தவிர்ப்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

கண்ணின் முன்பகுதியில் தெளிந்த திரவமொன்று நிமிடத்துக்கு இரண்டு, மூன்று மைக்ரோலீற்றர் ஊறிக்கொண்டே இருக்கிறது. கண்ணீர் வேறு, இது வேறு. முன்பக்கக் கண்ணாடிப் படலமும் கதிராளியும் சந்திக்கும் மூலையில் சல்லடை போன்ற இழையமொன்று உண்டு. அதனூடாக வடிந்து இது இரத்தத்தில் சேரும். முகத்துவாரம் மணலால் மூடிக்கிடக்க மாரி மழை பெய்தால் களப்புத் தண்ணீர் வயலுக்கு ஏறுவதைப் பார்த்தவர்களுக்கு மிச்சம் விளங்கும். வடிகால் அடைபட்டால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, பின்னாலுள்ள பார்வை நரம்பு நசியும். வழமையான அழுத்தம் 10 முதல் 21 மி.மீ. இரசம். அந்த அளவுக்குள்ளேயே நரம்பு பழுதாகும் ஆட்களும் உண்டு. அதனால் நரம்பையும் பார்க்காத பரிசோதனை அரைப் பரிசோதனைதான். பெரும்பாலானோருக்கு வலியே இருக்காது. பக்கப் பார்வை முதலில் போகும். போனது திரும்பாது.

நோன்பு விடயத்தில் மார்க்கத் தீர்ப்பு கடினமானதல்ல. நமது ஊர்களில் பின்பற்றப்படும் ஷாஃபி மத்ஹபில், கண் உடலின் உட்பகுதிக்குத் திறந்த வழியாகக் கொள்ளப்படுவதில்லை. 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமியும், தொண்டைக்கு வருவதை விழுங்காதவரை கண் துளி நோன்பை முறிக்காது என்றே முடிவெடுத்தது. மனம் ஒப்பாதவர்கள் மருந்தை நிறுத்தாமல், வைத்தியரிடம் கேட்டு நேரத்தை மாற்றலாம். லட்டனோப்ரொஸ்ட் இரவில் ஒரு தடவைதான். டிமோலோலை பலருக்கு சஹருக்கும் இஃப்தாருக்கும் பொருத்திவிடலாம். ஜும்ஆவில் இதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும்.

நோயாளி விடும் இடைவெளி இது. அரசு உண்டாக்கிய இடைவெளி இதைவிடப் பெரிது. 2022 நெருக்கடியில் நோயாளிகள் துண்டோடு வெளிப் பாமசிக்கு அனுப்பப்பட்டார்கள். திறக்காத லட்டனோப்ரொஸ்ட் குளிரில் இருக்க வேண்டும். அந்த வருடம் மின்வெட்டோ 13 மணித்தியாலம் வரை போனது. 2023இல் நுவரெலியாவில் பிரெட்னிசொலோன் துளி விடப்பட்ட கண்புரை நோயாளிகள் பாதிக்கப்பட்டது மருந்தின் மீதிருந்த நம்பிக்கையையும் கெடுத்தது. அது குளுக்கோமா மருந்தல்ல. ஆனால் தரமான ஸ்டீரொய்ட் துளிகூட நீண்டநாள் விட்டால் கண்ணழுத்தத்தை ஏற்றும். கண் கடிக்குது என்று துண்டில்லாமல் அதை வாங்கி விடுகிறவர்கள் கவனிக்க வேண்டும்.

துளி அடிக்கடி அறுந்துபோகும் நாட்டுக்கு இன்னொரு வழி உண்டு. வடிகால் இழையத்துக்கு லேசர் கொடுப்பது. 2019இல் லான்செட்டில் வெளியான பிரித்தானிய ஆய்வில், முதலில் லேசர் பெற்றவர்களில் ஏறத்தாழ நாலில் மூன்று பேருக்கு மூன்று வருடம் கழித்தும் துளி தேவைப்படவில்லை. எல்லோருக்கும் பொருந்தாது, சிலருக்குத் திரும்பச் செய்ய வேண்டிவரும். ஆனாலும் கல்முனை நோயாளிக்கு இந்த லேசர், கொழும்புக்கு இரவு பஸ் ஏறாமல் கிடைக்குமா? கண்புரை முகாமில் படம் எடுத்துக்கொள்ளும் அரசியல்வாதிகளிடம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

வீட்டில் ஒருவருக்கு இந்நோய் இருந்தால் உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் கிளினிக்கில் காட்ட வேண்டும். குறிப்பாக 40 வயது கடந்தவர்கள், பார்வை நன்றாக இருந்தாலும்.